கொழும்பு பக்கம்தான்

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கொழும்புக்குக் கடல்மேல் நேராகக் கோடு கிழித்தால் 300கூட வராது. எங்களை ஆளுகிற ஊரைவிட எங்களிடம் வெங்காயம் வாங்குகிற ஊர் பாதித் தூரத்தில் இருக்கிறது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த பூகோளம். தெருவில் ஒருவரைப் பற்றி "அக்கரைக்குப் போயிருக்காவ" என்று சொன்னால், தாமிரபரணிக்கு அக்கரை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த 300 கிலோமீட்டரைச் சுருக்க விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். கடலுக்குள் தந்திக் கம்பியை இறக்கினார்கள். பாம்பனில் பாலம் கட்டினார்கள். வானத்தில் செயற்கைக்கோளை நிறுத்தினார்கள். கடைசியில், 2006இல், தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் இடையே கடலடியில் கண்ணாடி இழைக் கேபிளைப் போட்டார்கள். பலன் கைமேல் கிடைத்தது. என் தாத்தா காலத்தில் கொழும்புக்குச் சேதி போவதுதான் கஷ்டம், ஆள் சுலபமாகப் போய்விடுவார். என் காலத்தில் சேதி நினைத்த மாத்திரத்தில் போய்விடுகிறது. ஆள்தான் போவதில்லை.

தாத்தாவுக்கும் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் 1914 வரை எங்கள் ஊருக்குத்தான் வந்தது. பயணிகள் ரயிலைவிட்டு இறங்கிக் கொழும்புக் கப்பலில் ஏறுவார்கள். அந்தப் பயணிகளை நம்பித்தான் வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கி ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். அவர்கள் மேலும் குறைத்தார்கள். ஒரு கட்டத்தில், சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்று இறங்கிவந்ததாகச் சொல்வார்கள். ஒரு மனிதன் கொழும்புக்குப் போகவேண்டும் என்பதற்காக இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கெஞ்சிய காலம் ஒன்று இருந்திருக்கிறது! எங்கள் ஊர் ஆட்கள் குடையையும் வாங்கிக்கொண்டு சுதேசிக் கப்பலிலும் ஏறியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். வியாபாரிகளின் ஊர் அல்லவா.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் எங்களைக் கைவிட்டுத் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். எழும்பூரில் வாங்கும் ஒரே டிக்கெட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். எங்கள் அத்தை கல்யாணமாகி அக்கரைக்குப் போனது அந்த வழியில்தான். அப்பாவின் ஒரே தங்கை. மாப்பிள்ளைக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், வெள்ளவத்தையில் வீடு. "அவ்வளவு தூரத்தில் பெண்ணைக் கொடுக்கிறீர்களே" என்று யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. அவளுடைய அக்காவை மெட்ராஸில் கட்டிக்கொடுத்தபோதுதான் கேட்டார்களாம்.

பிறகு 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. தண்டவாளத்தோடும் பயணிகளோடும் ஒரு ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பின்னும் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அத்தை கோடை விடுமுறைக்கு வரும்போது அவள் பெட்டியைத் திறந்தால் மாசிக் கருவாடும் தேயிலையும் சந்தன சோப்பும் சேர்ந்து ஒரு வாசம் வரும். திரும்பும்போது அந்தப் பெட்டியில் மக்ரூன் போகும். முந்திரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் அந்தப் பண்டம் காற்றுப் பட்டாலே உடையும் ஜாதி. பாக் நீரிணையைத் தாண்டி அது பொடியாகத்தான் போய்ச் சேரும். அத்தையின் பிள்ளைகள் மக்ரூன் என்பது ஸ்பூனால் சாப்பிடும் பொருள் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள்.

ஆள் இப்படிப் போய்வந்து கொண்டிருந்தபோது, சேதியின் பாடு வேறு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி 1850களின் கடைசியிலேயே வந்துவிட்டது. அட்லாண்டிக்குக்குக் குறுக்கே 1858இல் போட்ட கம்பி சில வாரங்களில் செத்துப்போய், 1866இல்தான் நிலையான தொடர்பு கிடைத்தது. அந்த வகையில் நாம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் முன்னோடிகள். ஆனால் தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. வார்த்தைக்குக் காசு என்றால் எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கப்பலுக்கு எவ்வளவு, கொள்முதல் விலை எவ்வளவு என்ற இரண்டு விஷயங்களுக்கும், சாவுக்கும் மட்டுமே தந்தி. மற்றதெல்லாம் கடுதாசியில், அல்லது போகிற வருகிற தோணிக்காரர் வாயில்.

வேடிக்கை என்னவென்றால், குரல் மட்டும் அக்கரையிலிருந்து காசில்லாமல் வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படைகள் கொழும்பில் நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள், போர் முடிந்ததும் இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்தன. 1952இல் நமது அகில இந்திய வானொலி, சினிமாப் பாட்டு கேட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று அதை ஒதுக்கிவைத்தது. ஜனங்கள் கெட்டுப்போகத் தீர்மானித்துக் கொழும்பைத் திருப்பினார்கள். எங்கள் தெருவில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் தெரியாத வீடு கிடையாது. பிறகு கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது. இங்கிருந்து நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப்போட்டுவிட்டு, தன் பெயரை அக்கரையில் வாசிப்பதைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற பாக்கியம் அன்றைக்குப் பல பேருக்குக் கிடைத்தது. கார்டு போய்ச்சேர நாட்கள் ஆகும், பதில் வானத்தில் உடனே வரும். வெள்ளவத்தையில் அத்தை என்ன பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எங்கள் பாட்டிக்கு நிச்சயமாகத் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுதான் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள ட்ரங்க் கால். எங்கள் வீட்டில் போன் இல்லை. எதிர்வீட்டு நவதானியக் கடைக்காரர் வீட்டில் இருந்தது. அது எங்களுக்கும், எங்களுக்கு இந்தப் பக்கம் பல வீடுகளுக்கும் பி.பி. நம்பர். அப்பா காலையில் போய்ப் பதிவு செய்வார். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று ஜாதி அழைப்புகள். அப்பா எப்போதும் ஆர்டினரிதான். அர்ஜென்ட் போட்டால் மறுமுனையில் பயந்துவிடுவார்கள் என்று காரணம் சொல்வார். பயம் எங்கே இருந்தது என்பது அவருடைய பணப்பைக்குத் தெரியும். பதிவு செய்தபின் கடைக்காரர் வீட்டுத் திண்ணையிலேயே பகல் முழுக்கக் காத்திருப்பு. அந்த வீட்டு அம்மா எங்களுக்கு இரண்டு வேளை காப்பி போடுவார்கள். ஒரு ட்ரங்க் காலில் அவர்களுக்கு ஆன செலவு, எங்களுக்கு ஆனதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

லைன் கிடைத்தபின்தான் அடுத்த சோதனை. செயற்கைக்கோள் வழியாகப் போகிற குரலுக்கு ஒரு சுபாவம் உண்டு. பூமியின் சுழற்சியோடு ஒத்து, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் அந்தக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரல் அவ்வளவு ஏறி, அவ்வளவு இறங்கவேண்டும். முன்னூறு கிலோமீட்டருக்கு எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் சுற்று! ஒரு கேள்வி போய்ச்சேரக் கால் விநாடி, பதில் வரக் கால் விநாடி. அரை விநாடி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அண்ணனும் தங்கையும் பேசினால் தெரியும். அப்பா "எப்பிடி இருக்க பிள்ள?" என்பார். பதில் வராது. "கேக்குதா?" என்பார். அதற்குள் அங்கிருந்து "நல்லா இருக்கேன் அண்ணே" வந்து இதன்மேல் ஏறும். இரண்டு பேரும் நிறுத்துவார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். மறுபடி நிறுத்துவார்கள். ஊமைப் படம்போல் காசு ஓடும். கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். தான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, "நான் முடிச்சிட்டேன், இனி நீ பேசு" என்று அறிவிப்பார். பிற்காலத்தில் அரசாங்கம் அரசாங்கத்தோடு பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது இந்த முறை எனக்குப் பழக்கமானதாகவே பட்டது.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, இந்த அரை விநாடியும் இல்லை. கொழும்பு எரிகிறது என்பது வானொலிச் செய்தியில் தெரிந்தது. புறக்கோட்டைக் கடைகள் எரிகின்றன என்பதும் தெரிந்தது. அத்தை வீடு என்ன ஆயிற்று என்று சொல்ல எந்தக் கம்பிக்கும் வாய் இல்லை. நவதானியக் கடைக்காரர் தன் செலவிலேயே லைட்னிங் கால் பதிவு செய்து பார்த்தார். கிடைக்கவில்லை. பிறகு ஒரு தந்தி வந்தது. "ஆல் சேஃப்" என்று இரண்டே வார்த்தை. மாமா வியாபாரி. கடை சாம்பலான நிலையிலும் மூன்றாவது வார்த்தைக்குக் காசு கொடுக்கவில்லை என்று அப்பா சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி வந்த சேதிகளிலேயே முக்கியமானது அந்த இரண்டு வார்த்தைதான். இன்று ஒரே நாளில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் மட்டும் அதைவிடப் பல லட்சம் மடங்கு எடையுள்ளவை.

இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்ததும் ராமேஸ்வரக் கப்பல் நின்றது. ஆளின் வழி அடைபட்ட அதே காலத்தில்தான் குரலின் வழி விரியத் தொடங்கியது. தெருமுனைக்குத் தெருமுனை மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்கள் முளைத்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றால் சிவப்பு எண்கள் ஓடும். பேசுகிறவர் கண் அத்தையின் முகத்தைக் கற்பனை செய்யாது, அந்த எண்களைத்தான் பார்க்கும். அங்கே வெள்ளவத்தையில் அதேபோல் "கொமியூனிகேஷன்" கடைகள். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற பிள்ளைகளின் அழைப்புக்காக அங்கே காத்திருப்பார்கள். காத்திருக்கும் திண்ணை இக்கரையிலிருந்து அக்கரைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இதற்கிடையே நேரத்தோடும் ஒரு விளையாட்டு. இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம்தான் இருந்தது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, பிறகு அதில் அரை மணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். ஆக, பத்து வருஷம், ஒரு சின்னத் தீவுக்குள் இரண்டு மணி. தூத்துக்குடியும் கிளிநொச்சியும் ஒரே நேரத்தில் சாப்பிட்டன, கொழும்பு அரை மணி முன்னால் கை கழுவிவிட்டது. 2006 ஏப்ரலில் கடிகாரம் மறுபடி நம்மோடு சேர்ந்தது. அதே வருஷத்தில் கேபிளும் வந்தது. இரண்டு நாட்டுக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் ஒரே வருஷத்தில் எப்படி என்று ஆச்சரியப்பட்டோம்.

பாரத் லங்கா கேபிள் என்று பெயர். சுமார் 320 கிலோமீட்டர். இங்கே பி.எஸ்.என்.எல்., அங்கே ஸ்ரீலங்கா டெலிகொம். வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கிய 1906க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, அதே தூத்துக்குடியிலிருந்து அதே கொழும்புப் பக்கத்துக்கு ஒரு புது மார்க்கம். இந்த முறை ஏற்றிக்கொண்டது ஒளியை மட்டும். குடை கிடையாது.

கேபிளைப் பற்றி எங்கள் ஊரில் பெரிய கற்பனைகள் இருந்தன. கடலுக்கடியில் குகை மாதிரிக் குழாய் போகும், அதில் வேலைக்காரர்கள் நடந்துபோவார்கள் என்று பேசியவர்களும் உண்டு. உண்மையில் ஆழ்கடல் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய் அளவுதான் இருக்கும். அதன் நடுவில் சில மெல்லிய கண்ணாடி இழைகள். மற்றதெல்லாம் அவற்றுக்குக் காவல். கரையை நெருங்க நெருங்கத்தான் இரும்புக் கம்பிக் கவசம் கூடி, கேபிள் தடிக்கும். ஆழத்தில் ஆபத்து குறைவு, கரையோரத்தில்தான் மனிதன் இருக்கிறான். உலகத்தில் வருஷத்துக்கு 150, 200 தடவை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் காரணம் கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும். சுறாமீன் கடித்தது என்ற கதை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சுறாவைவிட நாம்தான் அதிகம் கடிக்கிறோம்.

இரண்டு கரைகளும் மிக நெருங்குகிற இடம் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். கேபிளை அங்கே போடாமல் எதற்கு இவ்வளவு சுற்று என்று ஊரில் கேள்வி எழுந்தது. அந்தப் பக்கம் கடலுக்கு ஆழமே கிடையாது. மணல்திட்டும், பவளப்பாறையும், இரவு பகலாக அடியைக் கிளறும் இழுவலைப் படகுகளும் உள்ள இடம். மேலும், கேபிளுக்கு ராமரின் வழி முக்கியமில்லை, ராஜதானியின் வழிதான் முக்கியம். அரிச்சல்முனையில் இன்று நீங்கள் போய் நின்றால், கேபிள் எதுவும் இல்லாமலே உங்கள் செல்போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்காது. போனுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை அதைக் கையில் வைத்திருக்கிறவருக்குக் கிடைக்க வழியில்லை.

மன்னார் வளைகுடாவில் இந்தியா எங்கே முடிகிறது, இலங்கை எங்கே தொடங்குகிறது என்று 1976இல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தன. மேலே அந்தக் கோடு எங்கே என்று மீனுக்கும் தெரியாது, அலைக்கும் தெரியாது. மீனவன் தாண்டினால் மட்டும் தெரிந்துவிடும். படகு போய்விடும், அவனும் சிறைக்குப் போவான். அதே கோட்டுக்கு நேர் கீழே, நடுக்கடலில், கேபிள் கூச்சமில்லாமல் கிடந்தது. அதற்குள் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். 320 கிலோமீட்டருக்கு ஒன்றரை மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கூட. அப்பா "நான் முடிச்சிட்டேன்" என்று சொல்லவேண்டிய அவசியமே போயிற்று.

கேபிள் வரப்போகிறது என்று பேப்பரில் வந்தபோது அப்பா அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார். கல்கிசை வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளையைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். "ஒன் வீட்டு வாசலுக்கே வந்துட்டோம் பிள்ள" என்றார். அத்தை அப்போதே பேச்சில் பாதிக் கொழும்புக்காரி. "கடலுக்குள்ள வயர் போடுறாங்களாம், சரி. கப்பல் ஒண்டும் விடயில்லையே அண்ணே?" என்று கேட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை. இந்த முறை அமைதிக்குச் செயற்கைக்கோள் காரணம் இல்லை.

அந்த 2006ஐப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆகஸ்டில் போர் மறுபடி மூண்டு, ஏ9 சாலை முகமாலையில் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லாமல் போயிற்று. கொழும்பையும் தூத்துக்குடியையும் கடலடியில் சேர்த்துக் கட்டிய அதே வருஷத்தில், கொழும்பும் யாழ்ப்பாணமும் தரையில் பிரிந்தன. கடல் வழிவிட்டது, சாலைதான் வழிவிடவில்லை.

போர் 2009இல் முடிந்தது. 2011 ஜூனில் ஒரு அதிசயம் நடந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் பயணிகள் கப்பலே வந்துவிட்டது. பெரிய கப்பல், உள்ளே உணவகம், படுக்கை அறை எல்லாம் இருந்தன. அத்தையின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று அப்பா குதித்தார். தெருவே பயணத் திட்டம் போட்டது. ஆடி முடியட்டும் என்றார்கள் சிலர், ஐப்பசி மழை போகட்டும் என்றார்கள் சிலர், பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை லீவு விடட்டும் என்றார்கள் மற்றவர்கள். எங்கள் நல்ல நேரத்துக்காகக் கப்பல் காத்திருக்கவில்லை. போதிய பயணிகள் இல்லாமல் நஷ்டப்பட்டு, நவம்பரோடு சேவை நின்றது. ஒரு காலத்தில் சும்மா ஏற்றிக்கொண்டு குடையும் தந்த கடல் இது.

அப்புறம் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. நல்ல காரியம். விழாவில் இந்தியப் பிரதமர் டெல்லியிலிருந்து காணொலி வழியே பேசினார். மனிதர்கள் நேரில் போய்வருவதற்கான கப்பலைத் திரையில் தோன்றித் திறந்துவைத்ததைக் குற்றமாகச் சொல்லவில்லை. 2020இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களின் உச்சி மாநாடே காணொலியில்தான் நடந்தது, அது கொரோனா காலம். பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, எங்கள் வீட்டிலும் அதேதான். மழைக்காலம் வந்ததும் அந்தக் கப்பல் சில நாட்களிலேயே ஓய்வெடுத்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் மறுபடி புறப்பட்டது.

இன்று அத்தையின் பேரப்பிள்ளைகளோடு என் பேத்தி தினமும் பேசுகிறாள், முகம் பார்த்துப் பேசுகிறாள். காசு ஓடுகிற சிவப்பு எண்கள் இல்லை. அந்தப் பேச்சு எந்த வழியில் போகிறது, எந்தக் கேபிளில் நுழைந்து எந்த நாட்டுக் கணினியைத் தொட்டுத் திரும்புகிறது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே மத்தியதரைக் கடலில் கேபிள்கள் அறுந்தபோதுதான், இங்கே இணையம் நொண்டியதிலிருந்து, நமது பேச்செல்லாம் எங்கெங்கே ஊர்சுற்றுகிறது என்பது கொஞ்சம் தெரியவந்தது. பக்கத்துத் தீவுக்குப் பேசுவதற்கு நேர்வழியும் உண்டு, உலகத்தைச் சுற்றுகிற வழியும் உண்டு. எது மலிவோ அதில் போகும். எங்கள் ஊர்ப் புத்தி இணையத்துக்கும் வந்துவிட்டது.

அத்தை போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இழவுச் சேதி வந்தது நள்ளிரவில். தந்தி காலமாக இருந்திருந்தால் விடியும்வரை நிம்மதியாகத் தூங்கியிருப்போம். காலையில் யார் யார் போவது என்று பேச்சு எழுந்தது. இருந்த பாஸ்போர்ட்டுகளில் பாதி காலாவதி. விமானத்துக்கு மதுரைக்குப் போகவேண்டும், அதாவது கொழும்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு 150 கிலோமீட்டர் வடக்கே போய் அங்கிருந்து திரும்பவேண்டும். அதற்குள் கொழும்பிலிருந்து ஒரு இணைப்பு வந்தது. இறுதிச் சடங்கை நேரலையில் காட்டுகிறார்கள். கேமராக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. வீட்டில் எல்லார் முகத்திலும் துக்கத்தோடு ஒரு ஆசுவாசமும் தெரிந்தது.

கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம். படம் துல்லியம். திரையின் ஓரத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பெயர்கள் வந்துகொண்டிருந்தன. டொரன்டோவிலிருந்து அத்தையின் மூத்த மகன், லண்டனிலிருந்து மகள், மெல்போர்னிலிருந்து யாரோ. நடுவில் நாங்கள், தூத்துக்குடி. எல்லாப் பெயரும் ஒரே எழுத்தில், ஒரே அளவில். டொரன்டோக்காரனுக்கு அங்கே பனி கொட்டுகிறது, விமானம் பிடித்தாலும் ஒரு நாள் ஆகும், அவன் திரையில் பார்த்ததில் நியாயம் உண்டு. எங்களுக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு இரவுக் கப்பல் தூரம். ஆனால் திரையில் நாங்களும் அவனும் ஒன்றுதான். கேபிள் கொழும்பை எங்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது என்று நினைத்திருந்தேன். அது டொரன்டோவையும் அதே பக்கத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. எல்லா ஊரும் பக்கமானபின் பக்கத்து ஊர் என்று தனியாக ஒன்று எதற்கு? நூற்றாண்டுக் கணக்காகத் தோணியும் வெங்காயமும் சம்பந்தமுமாக நாங்கள் சேர்த்துவைத்திருந்த அக்கம்பக்கத்து உரிமை அப்படியே கரைந்துபோயிற்று. இதற்கு யாரும் விழா எடுக்கவில்லை.

நவதானியக் கடைக்காரர் வீட்டு அம்மாவுக்கு இப்போது தொண்ணூறை நெருங்குகிறது. துக்கம் கேட்க வந்தார்கள். "யாரெல்லாம் போனீய?" என்றார்கள். டிவியில் பார்த்ததைச் சொன்னோம். படம் தெளிவு, சத்தம் தெளிவு, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை என்று என் பேத்தி விவரித்தாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, போனது யாரு?" என்று மறுபடியும் கேட்டார்கள். அவர்கள் வீட்டுப் போனில்தான் எங்கள் குடும்பம் முதன்முதலாகக் கடல் தாண்டிப் பேசியது. ஆனாலும் பேசியதைப் போனதாகக் கணக்கில் எழுத அவர்கள் அன்றும் சம்மதித்ததில்லை, இன்றும் சம்மதிக்கவில்லை.

அவர்கள் சொன்னதில் ஒரு கணக்குச் சரியாக இருக்கிறது. அப்பா ட்ரங்க் காலில் பேசி முடிக்கும்போதெல்லாம் கடைசி வாக்கியம் "லீவுக்கு வாரோம்" என்பதாகத்தான் இருக்கும். அன்றைக்குப் பேச்சு, பயணத்துக்கு அச்சாரம். பேச்சு அரைகுறையாக இருந்ததால்தான் மிச்சத்தைப் பேச நேரில் போகவேண்டியிருந்தது. இன்றைக்கு மிச்சம் என்று எதுவும் வைப்பதில்லை. அன்றாடம் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுகிறோம். "பார்த்துட்டுத்தானே இருக்கோம்" என்று சொன்னால் இரு கரையிலும் எதிர்ப்பேச்சு கிடையாது.

இரண்டு நாட்டுக்கும் நடுவே அடுத்து எதை எதையோ போடப்போவதாகப் பேச்சு நடக்கிறது. மின்சாரக் கம்பி என்கிறார்கள், எண்ணெய்க் குழாய் என்கிறார்கள், பாலம் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். எல்லாம் வரட்டும். எங்கள் ஊர் வியாபாரிகளின் ஊர், வருகிற எதையும் வேண்டாம் என்று சொன்ன வழக்கம் இல்லை. திறப்பு விழாவுக்கு அழைத்தால் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன். தட்டி முடித்ததும் எஞ்சினியரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: "ஐயா, இதில் ஆள் ஏறலாமா?"